ஒரு சீனி மணி அளவு மருந்து

வார நாட்களில் வானொலி, சனி ஞாயிறுகளில் திருமண மேடை. சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் என்று மண்டபம் மண்டபமாக மைக் பிடிப்பது என் இரண்டாவது பிழைப்பு. எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு பூ எனக்கு முன்னால் வந்து நிற்கும். ஊதாவும் வெள்ளையும் கலந்த ஆர்க்கிட். நுழைவாயில் வளைவில் அதுதான், மணமக்கள் மாலையில் அதுதான், சாப்பாட்டு மேசை ஜாடியிலும் அதுதான். மல்லிகையும் ரோஜாவும் தலை சாய்ந்த பிறகும் அது மட்டும் அப்போது பறித்ததுபோல் இருக்கும்.

அதன் பெயர் டென்ட்ரோபியம் சோனியா. ஆயிரம் பூ வைத்தாலும் ஆயிரமும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கக் காரணம் உண்டு. பெரும்பாலும் அவை ஒரே தாய்ச்செடியின் நகல்கள். தாய்ச்செடியின் குருத்து நுனியைக் கிள்ளி, ஆய்வகப் போத்தலுக்குள் வைத்து, வளர்ச்சி ஊக்கிகள் என்ற மருந்துகளைக் கொடுத்துப் பெருக்கியவை. இதைத் திசு வளர்ப்பு என்கிறார்கள்.

இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள் வந்தது பாடப்புத்தகம் வழியாக அல்ல. அம்மாவின் சேமநிதிப் பணம் வழியாக வந்தது.

அறுபது போத்தல்கள்

எங்கள் அம்மா ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிறகு லயமும் போனது. நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம். 55 வயதில் சேமநிதி கைக்கு வந்தபோது, அதில் ஒரு பங்கை அக்காவுக்கும் அத்தானுக்கும் கொடுத்து, “ஏதாவது சொந்தமா செய்யுங்க. இன்னொருத்தன் தோட்டத்துல வேலை செஞ்சது போதும்” என்றார்.

அவர்கள் ஆர்க்கிட் வளர்க்க முடிவு செய்தார்கள். கால் ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து, கறுப்பு வலை கட்டி, தேங்காய் மட்டையும் கரியும் வாங்கிப் போட்டு, ஒரு விற்பனையாளரிடம் 60 போத்தல் கன்றுகள் வாங்கினார்கள். போத்தலுக்கு 25 கன்று. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. அகார் அகார் பலகாரம் மாதிரியான கூழில் வேர் பதிந்து, கண்ணாடிக்குள் பச்சைப் பசேல் என்று நின்றன. அக்கா அந்தக் கூழைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகக் கழுவி, ஒவ்வொரு கன்றாக மட்டையில் நட்டார். பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல் செய்வார்.

இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தபின் பூங்கொத்து வந்தது. மொட்டு விரிந்தபோது பாதிக்கும் மேற்பட்ட செடிகளில் பூ பூவாக இல்லை. சிலவற்றில் நடு உதடு காணோம். சிலவற்றில் இரண்டு இதழ்கள் ஒட்டிப் பிறந்திருந்தன. சில மொட்டுகள் விரியாமலே பழுத்து உதிர்ந்தன.

“கசக்கிப் போட்ட டிஷ்யூ மாதிரி இருக்கு” என்றார் அக்கா. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. வலைக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தார்.

விற்பனையாளர், உரம் சரியில்லை என்றார். தண்ணீர் சரியில்லை என்றார். கடைசியில் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். வைரஸ் நோயாக இருக்குமோ என்று இலைகளைச் சோதிக்கக் கொடுத்தோம். இல்லை என்று வந்தது.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி ஒருத்தி, உயிர்த்தொழில்நுட்பம் படித்து, இப்போது வேறொரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அவளைக் கூட்டி வந்தேன். பத்துப் பதினைந்து செடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

“அக்கா, இதைப் போத்தல்ல எத்தனை தடவ மாத்தி மாத்தி வளர்த்தாங்க, மருந்து எவ்வளவு போட்டாங்கன்னு கேட்டீங்களா?”

அப்படி ஒரு கேள்வி இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை.

தூசி போன்ற விதை

போத்தல் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆர்க்கிட் காய் ஒன்றைப் பிளந்தால் உள்ளே இருப்பது முகப் பவுடர் மாதிரியான தூசி. அத்தனையும் விதை. சில இனங்களில் ஒரு காயில் பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கும். நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல் அதற்குள் சாப்பாடு எதுவும் கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை அந்த விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். பிரான்சில் நோயல் பெர்னார் 1899ல் இதைக் கண்டுபிடித்தார். 1922ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாமல், சீனி கலந்த அகார் கூழில் விதையை முளைக்க வைத்தார். சில ஆண்டுகளில் அந்தக் கலை நம் பக்கம் வந்துவிட்டது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் 1928ல் தொடங்கிய ஆர்க்கிட் கலப்பினப் பணி இந்தப் போத்தல் முறையில்தான் வளர்ந்தது.

விதையில் பிறப்பவை அண்ணன் தம்பி மாதிரி. ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மண்டபத்துக்குப் பூ விற்பவருக்கோ எல்லாம் ஒன்றுபோல் வேண்டும். 1960ல் ஜார்ஜ் மொரெல் என்ற பிரெஞ்சு அறிவியலாளர், வைரஸ் இல்லாத செடி வேண்டும் என்று சிம்பிடியம் ஆர்க்கிட்டின் குருத்து நுனியை வெட்டிக் கூழில் வைத்தார். அது பச்சை உருண்டையாகத் திரண்டது. உருண்டையை வெட்டினால் துண்டுகள் மறுபடி உருண்டைகளாயின. வெட்டாமல் விட்டால் ஒவ்வொன்றும் தாயைப் போன்ற கன்றாக முளைத்தது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உருண்டை இரண்டு மாதத்தில் மூன்றாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 729. இரண்டாம் ஆண்டு முடிவில் 531,441. ஒரே ஒரு குருத்து நுனியிலிருந்து! ஆர்க்கிட் பணக்காரர் வீட்டுப் பூவாக இருந்த நிலை மாறி, பாசார் மாலாமில் விற்கும் பூவானதற்கு இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு ஒரு பெரிய காரணம். அதன் ஆபத்தும் இதே வாய்ப்பாட்டில்தான் இருக்கிறது.

இரண்டு ஃபேடர்கள்

உருண்டையை மேலும் மேலும் பெருகச் சொல்வதும், “போதும், இனி இலை விடு”, “இப்போது வேர் விடு” என்று சொல்வதும் வளர்ச்சி ஊக்கிகள். பலர் இதை உரம் என்று நினைக்கிறார்கள். உரம் செடி சாப்பிடுவது. வளர்ச்சி ஊக்கி செடி கேட்பது. நம் உடம்பில் ஹார்மோன் செய்வதைத்தான் செடிக்குள் இது செய்கிறது.

சொல்லப்போனால் செடி எப்போதும் ஏதாவது ஒரு சைகைக்குக் காத்திருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புறா ஆர்க்கிட்டைத் தெரிந்திருக்கும். பழைய மரக் கிளைகளில் புல்போல் தொற்றிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திடீரென்று ஒரு பெருமழை கொட்டி வெயில் சூடு சட்டென இறங்கினால், ஏறக்குறைய ஒன்பதாம் நாள் காலையில் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாக வெள்ளைப் பூ பூக்கும். வாசனை தெருவெல்லாம் வரும். மாலைக்குள் வாட ஆரம்பித்துவிடும். உள்ளே மொட்டு முன்பே தயாராக இருந்தது. மழையின் குளிர் “இப்போது” என்று சொன்னது. அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் அந்தச் சைகையை மனிதர் கொடுக்கிறார். முக்கியமான ஊக்கிகள் இரண்டு குடும்பம். ஒன்று ஆக்சின், வேர் விடச் சொல்வது. மற்றொன்று சைட்டோகைனின், குருத்து விடச் சொல்வது. ஆக்சின் இருப்பதை 1920களில் ஓட்ஸ் முளைகளை வைத்துக் காட்டியவர் ஃபிரிட்ஸ் வென்ட். பிறகு சில ஆண்டுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்தவர். அவரும் வாசினும் 1949ல் வெளியிட்ட கூழ்க் குறிப்பை இன்றும் ஆர்க்கிட் ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. 1934ல் ஆக்சினைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? மனிதச் சிறுநீரிலிருந்து. சைட்டோகைனின் குடும்பத்தில் முதலில் கண்டறிந்த கைனெட்டின், 1955ல் ஹெர்ரிங் மீனின் விந்தணு டி.என்.ஏ.யைச் சூடாக்கியதில் கிடைத்தது.

1957ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் தண்டின் திசுவை வைத்து இந்த இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டினார்கள். சைட்டோகைனின் மேலோங்கினால் குருத்து. ஆக்சின் மேலோங்கினால் வேர். இரண்டும் சமநிலையில் இருந்தால் இரண்டும் இல்லாமல் வெறும் திசுக் கட்டி. என் கன்சோலில் இரண்டு ஃபேடர்கள் இருக்கின்றன. ஒன்று என் குரல், மற்றொன்று பாட்டு. குரல் கேட்க வேண்டுமானால் குரலை ஏற்றினால் மட்டும் போதாது, பாட்டை இறக்க வேண்டும். இரண்டையும் உச்சத்தில் வைத்தால் நேயருக்கு இரைச்சல்தான் கேட்கும். செடிக்கும் அப்படித்தான்.

அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஆர்க்கிட் உருண்டைகளைப் பெருக்கும் கூழில் பி.ஏ.பி. என்ற சைட்டோகைனின் பொதுவாக ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். என்.ஏ.ஏ. என்ற ஆக்சின் அதிலும் குறைவு, பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்குள். ஒரு மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஒன்றிரண்டு சீனி மணிகளின் எடை. ஒரு லிட்டர் தண்ணீரில் அவ்வளவுதான். சாதாரணத் தராசில் இதை நிறுக்கவே முடியாது. அதனால் 100 மில்லிகிராமை நிறுத்து, சில துளி காரக் கரைசலில் கரைத்து, தண்ணீர் ஊற்றி 100 மில்லியாக்கி வைத்துக்கொள்வார்கள். அதில் ஒரு மில்லி எடுத்தால் ஒரு மில்லிகிராம். ஒன்று எடுக்க வேண்டிய இடத்தில் பத்து எடுத்தால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கூழ் அதே நிறத்தில்தான் இருக்கும்.

இன்னொரு மருந்து தைடயாசுரான். பருத்திச் செடியில் அறுவடைக்கு முன் இலையை உதிர்க்க உருவாக்கியது. திசு வளர்ப்பில் அது மிக வலிமையான சைட்டோகைனினாக வேலை செய்கிறது. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகப் போட்டாலே உருண்டைகள் பொங்கி வரும். அதிலேயே நீண்ட காலம் வைத்தால் குருத்து குட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேர் விடத் தயங்கும்.

நம் சமையலறை மருந்தும் இதில் உண்டு. 1941ல் வான் ஓவர்பீக் என்ற அறிவியலாளர், ஊமத்தைச் செடியின் மிக இளம் கருவை வளர்க்க இளநீரைச் சேர்த்து வெற்றி கண்டார். இளநீரில் இயற்கையான சைட்டோகைனின்கள் இருக்கின்றன என்று பிறகு தெரிந்தது. ஆர்க்கிட் ஆய்வகங்களில் இன்றும் ஒரு லிட்டர் கூழுக்கு 100 முதல் 200 மில்லி இளநீர் சேர்ப்பதுண்டு. கன்று வளரும் கட்டத்தில் வாழைப்பழத்தை அரைத்துச் சேர்ப்பார்கள். கரித்தூளும் போடுவார்கள். கரி, செடி விடும் கசிவுகளை மட்டுமல்ல, கூழில் மிச்சமிருக்கும் ஊக்கிகளையும் உறிஞ்சிக்கொள்ளும். பெருகச் சொன்ன குரலை அடக்கினால்தான் கன்று வேர் விடும் வேலைக்குத் திரும்பும்.

அம்மா பூசிய மருந்து

தோழி இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: “இது பால்மரத்துக்கு நாங்க பூசுன மருந்து கதைதானே.”

உண்மைதான். திசு வளர்ப்பு ஆய்வகங்கள் வருவதற்கு முன்பே வளர்ச்சி ஊக்கிகள் நம் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. 1950களில் 2,4-டி என்ற ஆக்சின் வகை மருந்தைப் பனை எண்ணெயில் குழைத்து, வெட்டுக்குக் கீழே பட்டையைச் சுரண்டிப் பூசினார்கள். அதன் பிறகு வந்தது எத்திஃபான். எத்ரல் என்ற பெயரில் பலருக்கும் நினைவிருக்கும். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து 1968ல் ஆபிரகாம், விச்சர்லி, பாக்கியநாதன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, இந்த மருந்து பால் ஓட்டத்தைப் பெருக்குவதைக் காட்டியது. எத்திஃபான் மரத்துக்குள் போய் எத்திலீன் வாயுவாகப் பிரிகிறது. எத்திலீன், செடிகள் தாமே உண்டாக்கும் ஓர் ஹார்மோன். வாழைப்பழம் பழுப்பதும் அதனால்தான். மரத்தை வெட்டியதும் பால் உறைந்து குழாய் வாய்களை அடைத்துக்கொள்ளும். எத்திலீன் அந்த அடைப்பைத் தள்ளிப்போடுவதால் பால் நெடுநேரம் ஓடுகிறது.

அம்மா சொன்னது இது. “மருந்து பூசுன மறுநாள் மங்கு நெறஞ்சு வழியும். எல்லாருக்கும் சிரிப்பு. கங்காணிக்கும் சிரிப்பு. அடிக்கடி பூசுனா, கொஞ்ச நாள்ல வெட்டு காஞ்சு போயிடும். கத்தி வச்சா பால் வராது. மரம் நிக்கும், ஆனா ஒண்ணும் தராது. அப்புறம் எங்க கணக்குலதான் பால் கொறைஞ்சுதுன்னு எழுதுவாங்க.”

வெட்டுப் பட்டை காய்ந்துபோவதை ஆய்வாளர்களும் அளவுக்கு மீறிப் பால் எடுப்பதோடு இணைத்துத்தான் பேசுகிறார்கள். அதனால்தான் எத்தனை விழுக்காட்டு மருந்து, ஆண்டுக்கு எத்தனை முறை, எந்த வயது மரம், எத்தனை நாளுக்கு ஒரு வெட்டு என்று அட்டவணை போட்டுப் பரிந்துரைக்கிறார்கள். அட்டவணை காகிதத்தில் இருக்கும். மங்கில் பால் குறைந்தால் கூலி குறைவது அம்மாவின் கையில்.

2,4-டி பற்றி இன்னொரு செய்தி. தோட்டத்தில் முதுகில் டாங்கி கட்டிக் களைக்கு அடித்த மருந்துகளில் அதுவும் ஒன்று. அதே மருந்தை ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் மட்டும் போட்டால், ஆய்வகத்தில் திசுவைப் பெருக்கப் பயன்படும். களைக்கு அடிக்கும்போது அந்த அளவு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. வளர்ப்பதும் கொல்வதும் ஒரே டப்பாதான்.

நல்ல கர்மா, கெட்ட கர்மா

அக்காவின் கால் ஏக்கரில் நடந்தது, இதைவிடப் பெரிய அளவில், பெரிய நிறுவனங்களின் நிலத்திலேயே நடந்திருக்கிறது. 1970களில் செம்பனையைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முயற்சி தொடங்கியது. அதிக எண்ணெய் தரும் ஒரு மரத்தைப் பிடித்து ஆயிரக்கணக்கில் நகலெடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? கன்றுகள் அழகாக வளர்ந்தன. காய்க்கும் பருவம் வந்தபோது சில மரங்களில் பூவே திரிந்திருந்தது. பழத்தைச் சுற்றி மேலங்கி போர்த்தியதுபோல் கூடுதல் சதை. கடுமையாகத் திரிந்த மரங்களில் குலை நிற்காமல் போனது. 1986ல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. செம்பனை நட்டுப் பலன் காண மூன்று ஆண்டு ஆகும். நிலமும் உரமும் கூலியும் போன பிறகுதான் குறையே தெரிந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 2015ல் மலேசியச் செம்பனை வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லா குழுவினர் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள். மரபணு எழுத்து மாறவில்லை. அதன்மேல் இருக்க வேண்டிய ஒரு வேதிக் குறி, போத்தல் வாழ்க்கையில் அழிந்துவிட்டது. குறி அழிந்த அந்தத் துணுக்கின் பெயர் கர்மா. குறி இருந்தால் நல்ல கர்மா, அழிந்தால் கெட்ட கர்மா என்று அறிவியலாளர்களே பெயர் வைத்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கண்டுபிடிப்பால், கன்றாக இருக்கும்போதே இலையைச் சோதித்துக் கெட்டதை ஒதுக்க வழி பிறந்தது.

ஆர்க்கிட்டிலும் போத்தல் வாழ்க்கை நீள நீள, வலுவான ஊக்கியில் மறுபடி மறுபடி வெட்டிப் பெருக்கப் பெருக்க, திரிந்த கன்றுகள் கூடும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நல்ல ஆய்வகங்கள் ஒரு தாய்த் திசுவை இத்தனை முறைக்கு மேல் மாற்றி வளர்ப்பதில்லை என்று எல்லை வைக்கின்றன. எல்லை வந்ததும் பூத்துச் சரிபார்த்த தாய்ச்செடியிலிருந்து புதிதாகத் தொடங்குகின்றன. ஓயாமல் வெட்டி வளர்க்காமலே திசுவைப் பாதுகாக்க வேறு வழியும் உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீரமணன் சுப்பிரமணியமும் அவர் குழுவினரும், டென்ட்ரோபியம் சோனியா வகையின் உருண்டைகளையே திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 பாகையில் உறைய வைத்துப் பிறகு உயிர்ப்பிக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

அக்காவின் செடிகள் எந்தப் போத்தலில், எந்த அளவில், எத்தனையாவது முறை வெட்டியவை என்பதற்கு ஏடு எதுவும் கிடையாது. தோழி சொன்னது இது: “கன்று சீக்கிரம் வேணும், நிறைய வேணும்னு ஒருத்தர் அவசரப்பட்டா மருந்தைக் கூட்டுவாங்க, வெட்டுறத நிறுத்த மாட்டாங்க. போத்தல்ல பாத்தா கன்று இன்னும் செழிப்பாத்தான் தெரியும். பூக்கும்போதுதான் தெரியும்.” அந்த இரண்டு ஆண்டும் விற்றவருடையது இல்லை. அம்மாவுடையது.

வாங்கும் முன் கேளுங்கள்

கோவிட் காலத்துக்குப் பிறகு வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களும், சிறு தொழிலாகத் தொடங்க நினைக்கும் இளையோரும் நம்மில் கூடியிருக்கிறார்கள். என் நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் அது தெரிகிறது. போத்தல் கன்று வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, இது விதையில் வந்ததா, திசு நகலா? விதைக் கன்று என்றால் பூ பலவிதமாக வரும். அது குறையில்லை, தெரிந்து வாங்க வேண்டும். இரண்டு, தாய்ச்செடி எது? அது பூத்ததைப் பார்த்தீர்களா, வைரஸ் சோதனை செய்தீர்களா? மூன்று, இந்தத் திசு எத்தனை முறை மாற்றி வளர்த்தது, எப்போது தொடங்கியது? நான்கு, இதே தொகுதியின் முந்தைய கன்றுகள் பூத்திருப்பதைக் காட்ட முடியுமா? ஏடு வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார். எரிச்சல் படுபவரிடம் பத்துப் போத்தல்கூட வாங்க வேண்டாம்.

கடையிலும் இணையத்திலும் “ஆர்க்கிட் ஹார்மோன்” என்று விற்கும் சிறு குப்பிகளுக்கும் இதே எச்சரிக்கைதான். உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதாததை வாங்காதீர்கள். ஒரு மூடி ஊற்றச் சொன்னால் இரண்டு மூடி ஊற்றினால் இரட்டிப்பாகப் பூக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் ஆர்க்கிட்டை வைக்காதீர்கள். பழுக்கும் வாழைப்பழம் விடும் எத்திலீன், மொட்டையும் பூவையும் உதிர்த்துவிடும். பால்மரத்தில் பாலை ஓடவைத்த அதே வாயுதான்.

அக்கா தொழிலை விடவில்லை. திரிந்த செடிகளை எல்லாம் பிடுங்கி எறிந்தார். நன்றாகப் பூத்தவற்றைக் கையால் பிரித்து நட்டார். அடுத்த முறை வேறோர் ஆய்வகத்தில் பத்துப் போத்தல் மட்டும் வாங்கினார். அந்த நான்கு கேள்விகளையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தார். அவர்கள் ஏட்டைத் திறந்து காட்டினார்கள்.

அம்மாவுக்கும் இப்போது ஒரு மருந்து கிடைத்திருக்கிறது. கெய்க்கி பசை என்பார்கள். ஹவாய் மொழியில் கெய்க்கி என்றால் குழந்தை. கம்பளிக் கொழுப்பில் சைட்டோகைனினைக் குழைத்தது. ஃபலனாப்சிஸ் பூக்காம்பின் கணுவில் மூடியிருக்கும் செதிலை மெல்ல உரித்து, கடுகளவு வைத்தால், சில வாரங்களில் அந்தக் கணுவிலிருந்து குட்டிச் செடி முளைக்கலாம். தீபாவளிக்கு நான் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஃபலனாப்சிஸ் பூத்து ஓய்ந்ததும் அம்மா கேட்டு வாங்கினார். பல்குத்தும் குச்சி நுனியில் கொஞ்சம் எடுத்தார். அதிலும் பாதியைத் திரும்ப டப்பாவின் விளிம்பில் துடைத்துவிட்டார். மிச்சத்தை ஒரே ஒரு கணுவில் வைத்தார்.

“மத்த கணுவுலயும் வைக்கலாமேம்மா” என்றேன்.

“சும்மா இரு. இதுக்கும் ஒரு உடம்பு இருக்குல்ல” என்று டப்பாவை மூடி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார்.